நூறு பலகை, இருநூறு முனை

மரம் அறுக்கிற மில்லுல வேலை பாக்கிறவனுக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. பின்ன? இருபத்தாறு வருஷமா ரம்பச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசினவன், வெளியில வந்து குயில் மாதிரியா பேசுவான்? நான் சொல்றது உங்க காதுக்குக் கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. சொல்லப்போறது என் கதை இல்ல. எங்க மில்லுல எல்லாரும் மெழுகுக்காரின்னு கூப்பிடுற ஒருத்தியோட கதை. அதுல நான் வர்ற இடம் பெருமைப்படுற மாதிரி இல்ல. இருந்தாலும் மறைக்காம சொல்றேன்.

அவ வந்தப்ப மெழுகுக்காரி இல்ல. மரத்தூள் கூட்ட வந்தவ. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, நாலு வயசுப் பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு மில் வாசல்ல வந்து நின்னா. கட்டினவன் லாரி ஓட்டப் போறேன்னு போனான், போனவன் போனவன்தான். முதலாளி, "வேலை எதுவும் காலி இல்லையேம்மா"ன்னார். இவ உள்ள எட்டிப் பாத்தா. ரம்பத்தைச் சுத்தி முழங்கால் உயரத்துக்குத் தூள் குவிஞ்சு கிடந்துச்சு. "இதோ இவ்வளவு வேலை கிடக்கே, காலி இல்லைங்கிறீங்க?"ன்னு கேட்டா. முதலாளிக்கு சிரிப்பு வந்துடுச்சு. விளக்குமாறு இருக்கிற மூலைய நான்தான் கை காட்டினேன்.

அவ அண்ணன் வீட்டுலதான் தங்கல். ரெண்டு அறை, ஏற்கனவே ஆறு பேர். அம்மாவும் பொண்ணுமா இவங்களும் சேர்ந்தா எட்டு. சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடுவுல ஒரு நடை இருக்கும் பாருங்க, அங்கதான் பாய். அண்ணன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் விரிக்கணும். காலையில அண்ணி பால் காய்ச்ச வர்றதுக்குள்ள சுருட்டணும். அண்ணி கெட்டவ இல்ல, அதையும் சொல்லிடணும். வீடு சின்னது, அவ்வளவுதான்.

சின்னப் பொண்ணா இருந்த வரைக்கும் சமாளிச்சாங்க. பொண்ணுக்குப் பதினஞ்சு ஆயிடுச்சு. துணி மாத்தணும்னா பக்கத்து வீட்டுக்குப் போகணும். புத்தகத்தை எடுத்துட்டு உக்காந்தா ஆளாளுக்குத் தாண்டிப் போவாங்க. ஒருநாள் டீ குடிக்கும்போது என்கிட்ட சொன்னா: "அண்ணே, எனக்கு மாளிகை எல்லாம் வேணாம். உள்பக்கம் தாழ்ப்பாள் போடுற மாதிரி ஒரே ஒரு கதவு இருந்தா போதும்."

கேட்டு நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன். ஏன்னா அந்தக் கதவு எங்க மில்லுலயே இருந்துச்சு. அதோட சாவி என் இடுப்புல இருந்துச்சு.

மில்லுக்குப் பின்னால ஓரமா ஒரு அறை. ரெண்டு ஜன்னல், பக்கத்துலயே தண்ணிக் குழாய். அடுக்கு மேஸ்திரிக்குன்னு கட்டினது. அறுத்த பலகையை அடுக்கி, காய வச்சு, வெயில் காத்து பாத்து, விக்கிற வரைக்கும் காப்பாத்துற ஆளுதான் அடுக்கு மேஸ்திரி. பழைய மேஸ்திரி மகன் வீட்டோட போய்ட்டார். அந்த வேலையை முதலாளி யாருக்கும் குடுக்கல. ரம்பப் பட்டை வைக்க இடம் வேணும்னு சொல்லி நான் சாவியை வாங்கிக்கிட்டேன். உள்ள வச்சது நாலு பட்டை, ஒரு கட்டில். மதியம் அந்தக் கட்டில்ல நான் விடுற குறட்டைக்கு ரம்பமே தோத்துடும்னு லோடு ஏத்துற பசங்க கேலி பண்ணுவாங்க.

இப்ப மெழுகுக்கு வர்றேன். பச்சை மரத்தை அறுத்து அடுக்கினா, காயக் காய பலகையோட முனையில வெடிப்பு விடும். முனையில ஆரம்பிச்சு ஒரு சாண், ரெண்டு சாண்னு உள்ள ஓடும். அந்த நீளத்தை வெட்டித் தூரப் போடணும். எங்க மில்லுல பத்துக்கு மூணு பலகை அப்படிப் போகும். மரம்னா வெடிக்கும், வெங்காயம்னா கண்ணு எரியும்னு நாங்க பாட்டுக்கு இருந்தோம்.

ஒருநாள் இவ ஒரு பலகையைத் தரதரன்னு இழுத்துட்டு வந்து என் முன்னால போட்டா. "அண்ணே, இந்த முனைய பாருங்க." பாத்தேன். முனையில பாதி இடத்துல மெழுகு வழிஞ்சு காஞ்சிருந்துச்சு. ஆறு மாசம் முன்னாடி கரண்ட் போனப்ப, நீட்டிக்கிட்டு இருந்த பலகை மேல இவதான் மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கா. மெழுகு வழிஞ்ச பாதியில ஒரு கீறல் இல்ல. வழியாத பாதியில விரல் நுழையுற மாதிரி மூணு வெடிப்பு.

"அதுக்கென்ன இப்போ?"ன்னேன்.

"வெயில்ல நடந்துட்டு வந்தா உங்களுக்கு உதடு வெடிக்குதா, கன்னம் வெடிக்குதா?"

"உதடுதான்."

"மரத்துக்கு முனைதான் உதடு. தண்ணி அது வழியாத்தான் அவசரமா வெளிய ஓடுது. முனை காஞ்சு சுருங்குது, நடு இன்னும் ஈரமா இருக்கு, அது சுருங்க மாட்டேங்குது. இந்த இழுபறியில கிழியுது. வாசலை அடைச்சுட்டா மெதுவாத்தான் காயும்."

"ஓகோ, மரத்துக்கு உதட்டுச்சாயம் பூசப் போறியா?"ன்னு கேட்டேன். லோடு பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மெழுகுக்காரிங்கிற பேரு அன்னைக்கு நான் வச்சதுதான். எருமை மேல மழை பெஞ்ச மாதிரி அவ அதைக் கண்டுக்கவே இல்ல. பலகையைத் தோள்ல தூக்கிக்கிட்டு நேரா முதலாளி அறைக்குப் போய்ட்டா.

முதலாளி வாய்ச்சொல்லை நம்புற ஆள் இல்ல, கண்ணால பாத்தா நம்புவார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சரி, ஒரு பந்தயம். நூறு பலகை. ரெண்டு அங்குலக் கனம். அறுத்த அன்னைக்கே நீ மெழுகு பூசு. ஆறு மாசம் கழிச்சு நானே எண்ணுவேன். அஞ்சுக்கு மேல வெடிச்சிருந்தா பழையபடி விளக்குமாறு. அஞ்சுக்குள்ள இருந்தா நீதான் அடுக்கு மேஸ்திரி"ன்னார்.

"அறையும் சேர்த்துதானேய்யா?"ன்னு இவ கேட்டா.

"மேஸ்திரிக்குத்தான அறை. பின்ன எதுக்குக் கட்டினது?"

அவ அப்ப என் இடுப்புச் சாவிய ஒரு பார்வை பாத்தா. எனக்கு மதியத் தூக்கம் அன்னைக்கே போச்சு.

அந்த நூறு பலகையை அறுத்த மூணு நாளும் எனக்கு மண்டைக்காய்ச்சல். ரம்பத்தை விட்டுப் பலகை வெளிய வருது, இவ பிரஷோட நிக்கிறா. "ஏம்மா, பலகை இன்னும் முழுசா வெளிய வரல, பொறு!"ன்னு கத்துவேன். அசைய மாட்டா. பெரிய சட்டியில தண்ணி கொதிக்கும், அதுக்குள்ள மெழுகு டப்பா. மெழுகை நேரா அடுப்புல வச்சா தீப்பிடிச்சுக்கும்னு அவளே கண்டுபிடிச்சு அப்படி வச்சா. முதல்ல விளக்குமாத்தால முனையில ஒட்டின தூளைத் தட்டுவா, தூள் மேல பூசினா தோலா உரிஞ்சு வந்துடுமாம். மெழுகுல கொஞ்சம் சிவப்புப் பெயின்ட் கலந்திருந்தா, விட்டுப் போன இடம் கண்ணுல படணும்னு. ஒரு முனைக்கு ரெண்டு பூச்சு. நூறு பலகை, இருநூறு முனை.

அடுக்குறப்பவும் விட்டாளா? நாங்க எப்பவும் சுவத்தோட ஒட்டித்தான் அடுக்குவோம். "சுவத்துப் பக்க முனையை நான் எப்படிப் பாக்கிறது? ரெண்டடி தள்ளி அடுக்குங்க"ன்னா. லோடு பசங்க முணுமுணுத்துக்கிட்டே தள்ளி அடுக்கினாங்க. அதுக்கப்புறம் தினமும் காலையில வந்ததும் முதல் வேலை இருநூறு முனையையும் ஒரு சுத்து பாக்கிறது. அப்புறம்தான் கூட்டுறது. மழைன்னாலும் சரி, முதுகுவலின்னாலும் சரி.

நாலு மாசம் ஓடுச்சு. ஒரே ஒரு பலகையில மட்டும் சின்ன வெடிப்பு. கட்டிலை எங்க கொண்டு போறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

அப்பத்தான் அவ மகளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில மகளோட இருந்தா. வேலைக்கு வந்த பதினோரு வருஷத்துல அவ சேர்ந்தாப்புல ரெண்டு நாள் வராம இருந்தது அதுதான்.

முதல் நாள் காலையில ஒரு நாற்காலிக் கடைக்காரர் மரம் பாக்க வந்தார். சிவப்பு முனைகளைப் பாத்துட்டு மூக்கைச் சுளிச்சார். "என்னங்க, வெடிப்பை மெழுகு பூசி மறைச்சு வச்சிருக்கீங்களா?"ன்னார். வந்துச்சே எனக்குக் கோபம்! என் ரம்பத்துல அறுத்த மரத்தையா? "மறைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது, இப்ப பாருங்க"ன்னு ஒரு பலகையை இழுத்து, மெழுகு பூசின முனையில ரெண்டு விரக்கடை நறுக்கிக் காட்டினேன். உள்ள பளிச்சுன்னு மஞ்சள் நிறம். அவர் தலையாட்டினார். இன்னொண்ணுன்னார். நறுக்கினேன். அந்த வரிசையில மொத்தம் இருபத்து மூணு பலகை, ஒவ்வொண்ணுலயும் ரோட்டுப் பக்க முனையை நறுக்கித் தள்ளினேன். "யோசிச்சு சொல்றேன்"னு சொல்லிட்டுப் போன மனுஷன் அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல.

நறுக்கின முனைக்குத் திரும்ப மெழுகு பூசணும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். நாலு மாசமா மூக்குக்கு நேரா பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். டப்பா கை எட்டுற தூரத்துல இருந்துச்சு. அடுப்பு பத்த வைக்கச் சோம்பல்னு அன்னைக்கு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வேணும்னு செஞ்சேனான்னு கேட்டா, இல்ல. ஆனா போய் அறையில படுத்தப்ப கட்டில் நல்லா சுகமா இருந்துச்சு. அந்த ரெண்டு நாளும் அனல் காத்து வேற.

மூணாம் நாள் காலையில அவ வந்தா. வழக்கம்போல அடுக்கைச் சுத்த ஆரம்பிச்சவ, சிவப்பு முனைகளுக்கு நடுவுல இருபத்து மூணு வெளுத்த முனையைப் பாத்து அப்படியே நின்னுட்டா. ஒவ்வொண்ணா தடவிப் பாத்தா. சிலதுல மயிரிழை மாதிரி கீறல் விட ஆரம்பிச்சிருந்துச்சு.

நான் சண்டைக்கு ரெடியா நின்னேன். "ஆமா, வந்தவர் கேட்டார், அறுத்தேன். என்ன இப்போ?"

கண்ணு கலங்கி இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா குரல் உடையல. "அண்ணே, உங்க நீலப் பென்சிலை எடுங்க. எந்தெந்தப் பலகையை அறுத்தீங்களோ அதுல தேதி போடுங்க. உங்க குறியும் போடுங்க."

அடுக்கின பலகையைத் திரும்ப அறுத்தா, அறுத்தவன் அதுல தன் குறியைப் போடணுங்கிறது எங்க மில் வழக்கம்தான். என் குறி ஒரு சின்ன மீன். "எதுக்கும்மா?"ன்னேன்.

"எந்த முனை என்னைக்குத் திறந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

கத்துவா, முதலாளிகிட்ட ஓடுவான்னு நினைச்ச எனக்கு, இவ்வளவுதானான்னு ஆயிடுச்சு. இருபத்து மூணு தேதி, இருபத்து மூணு மீன். சந்தோஷமா போட்டேன், மடப்பய. நான் போட்டு முடிக்கிறதுக்குள்ள அவ அடுப்பைப் பத்த வச்சுட்டா. அன்னைக்கு சாப்பிடல. இருபத்து மூணு முனைக்கும் மூணு பூச்சு போட்டுட்டுத்தான் எழுந்தா.

அடுத்த ரெண்டு மாசம் அவ அந்த அடுக்கை விட்டு நகரல. காத்தடிக்கிற பக்கம் கோணிச் சாக்கை நனைச்சுத் தொங்கவிட்டா, அது காய விடாம பாத்துக்கிட்டா. சோத்து மூட்டைய அங்கயே பிரிப்பா. பள்ளிக்கூடம் விட்டதும் மகளும் அங்கயே வந்து கட்டைத் துண்டு மேல உக்காந்து படிக்கும். அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்க, இவ அடிச்ச அடிக்கு அம்மி என்ன, ஆட்டுக்கல்லே நடந்திருக்கும். ஆனா மரத்துக்கு அது தெரியாதே. கீறல் விட்டது விட்டதுதான். ரெண்டு மூணுல அது உள்ள ஓடுறது எனக்கே தெரிஞ்சுச்சு. நான் பாட்டுக்கு ரம்பத்துப் பக்கம் போய்ட்டேன்.

எண்ணுற நாள் வந்துச்சு. முதலாளி கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு வந்தார். லோடு பசங்க பலகையைத் தூக்கிக் காட்ட, அவர் ரெண்டு முனையையும் பாப்பார். விரல் நீளத்துக்கு மேல ஓடினாத்தான் வெடிப்புன்னு பேச்சு. முதல் முப்பதுல ஒண்ணு. அம்பது தாண்டுச்சு, ஒண்ணுதான். எழுபத்து ஏழு பலகை முடிஞ்சப்ப ரெண்டு. அதுக்கப்புறம் என் வரிசை வந்துச்சு.

மூணு. நாலு. அஞ்சு. ஆறு.

முதலாளி நிமிர்ந்தார். முகத்துல வருத்தம்தான். "ஆறு ஆயிடுச்சேம்மா. முடிஞ்சுது"ன்னார்.

மகள் அம்மாவோட முந்தானையைப் பிடிச்சுக்கிச்சு. இவ அசையல. "நூறுன்னுதானேய்யா பேச்சு. முழுசா எண்ணுங்க."

"தோத்த பிறகு எதுக்கும்மா?"

"பேச்சுன்னா பேச்சுய்யா. எண்ணுங்க."

எண்ணினார். மொத்தம் பதினொண்ணு. கடைசிப் பலகையைக் கீழ வைக்கும்போதுதான் அவர் கண்ணுல நீலப் பென்சில் பட்டுச்சு. குனிஞ்சு பாத்தார். பக்கத்துப் பலகையைப் பாத்தார். அதுக்கு அடுத்ததையும் பாத்தார். "இது என்ன தேதி? பலகை அறுத்தது இந்தத் தேதி இல்லையே. இந்த மீன் யாரோடது?"

யாரோடதுன்னு அவருக்குத் தெரியாதா என்ன? இருபத்தாறு வருஷமா பாத்த மீன். இவ என் பேரைச் சொல்லுவான்னு காத்திருந்தேன். அவ என் பக்கம் திரும்பவே இல்ல. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? 

"என்னோடதுதான்யா"ன்னேன். ஆரம்பிச்ச பிறகு நிறுத்த முடியல. கடைக்காரர் வந்தது, நான் நறுக்கினது, அவ ஆஸ்பத்திரியில இருந்தது எல்லாத்தையும் சொன்னேன். மெழுகு டப்பா கை எட்டுற தூரத்துல இருந்துச்சு, நான் பூசாம போய்ப் படுத்துட்டேன்னும் சொல்லித் தொலைச்சேன். எந்தக் கட்டில்ல படுத்தேன்னு அவர் கேக்கல. அவருக்கே தெரியும்.

முதலாளி திட்டுவார்னு நினைச்சேன். திட்டல. வெடிச்ச பதினொண்ணுல மீன் போட்ட ஒன்பது பலகையையும் தனியா வரிசையா போடச் சொன்னார். ரோட்டுப் பக்க முனையைப் பாத்தார்: ஒன்பதும் வெடிச்சிருந்துச்சு. அப்புறம் நடந்து போய் அதே பலகைகளோட மறுமுனையைப் பாத்தார். ஒன்பதும் அவ முதல் நாள் பூசின சிவப்போட, ஒரு கீறல் இல்லாம இருந்துச்சு. கையால தடவிப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாய்யா. ஒரே மரம், ஒரே பலகை. அந்த முனை உன் கை பட்டது. இந்த முனை அவ கை பட்டது. இதுக்கு மேல நான் என்னத்தை எண்ணுறது?"

நான் தரையப் பாத்தேன். இருபத்தாறு வருஷம் பலகை அறுத்தவன், ஒரு பலகை முன்னால அப்படி வெக்கப்பட்டு நின்னதில்ல.

"சாவியைக் கழட்டு"ன்னார்.

கழட்டினேன். முதலாளிகிட்ட குடுக்கல, நேரா அவ கையில வச்சேன். அவ வாங்கி, மகள் கையில குடுத்தா. அந்தப் பொண்ணு அதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, என்னவோ குருவிக்குஞ்சு மாதிரி, நெஞ்சோட வச்சுக்கிச்சு. அதுவரைக்கும் அழாதவ அப்பத்தான் அழுதா. வாயில சேலையை வச்சு அடக்கிக்கிட்டு, விக்கி விக்கி அழுதா. லோடு பசங்க எல்லாரும் திடீர்னு ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி அங்க இங்க போய்ட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் அவகிட்ட போய்க் கேட்டேன். "ஏம்மா, அன்னைக்கே முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க இல்லைம்பீங்க, நான் ஆமாம்பேன். ரெண்டு பேருக்கும் திட்டு விழும், பந்தயமும் நின்னு போகும். எனக்கு சண்டை வேணாம்ண்ணே. அறை வேணும்."

"அப்போ மீன் போடச் சொன்னது?"

"முனை திறந்த தேதி தெரியணும்னுதான்"ன்னு சொல்லிட்டு, கொஞ்சமா சிரிச்சா. இன்னைக்கு வரைக்கும் அதுல எது நிஜம்னு எனக்குத் தெரியாது.

மறுநாள் கட்டிலை நானே தலையில தூக்கிட்டு வந்தேன். பசங்க குறட்டை விட்டுக் காட்டிக் கேலி பண்ணினாங்க. பண்ணட்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாம இருந்துச்சு. அதை நான்தான் எப்பவோ கழட்டி வேற எதுக்கோ மாட்டியிருந்தேன். கடைக்குப் போய்ப் புதுசா ஒண்ணு, நல்ல கனமான பித்தளைத் தாழ்ப்பாள், வாங்கிட்டு வந்து மாட்டினேன். அதுக்காகக் கழட்டின கதவைத் திரும்ப நிலையில மாட்டுறதுக்கு முன்னாடி, அவ "இருங்கண்ணே"ன்னு நிறுத்தி, அதோட மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும் மெழுகு பூசினா. சிரிப்பு வந்துச்சு, ஆனா மெழுகு டப்பாவை நான்தான் பிடிச்சுக்கிட்டேன். இப்பல்லாம் பலகை ரம்பத்தை விட்டு வந்ததும் நானே டப்பாவைத் தேடுறேன். அவ மேஸ்திரி, ஒரு முனை விட்டுப் போனா என்னைத்தான் கூப்பிடுவா.

அவங்க குடி வந்த அன்னைக்கு சாயங்காலம், என் திருப்புளி உள்ளயே தங்கிடுச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள மகள் சத்தமா பாடம் படிச்சுக்கிட்டு இருந்துச்சு. பழக்க தோஷத்துல கதவைத் தள்ளினேன். திறக்கல. தட்டினேன்.

படிப்பு நின்னுச்சு. உள்ளே இருந்து அவ குரல், "யாரு?"

பதினோரு வருஷமா அவளை எனக்குத் தெரியும். அவ யாரையும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்ல. கேக்குறதுக்கு அவளுக்குன்னு ஒரு கதவு இருந்தாத்தான? "நான்தாம்மா, ரம்பக்காரன்"னு சொல்லிட்டு, அவ வந்து திறக்கிற வரைக்கும் வெளியிலயே நின்னேன்.